எந்தக் கால் வேணும்னு கேளு

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

உன் மலைக்குப் போன் வராது என்று தெரியும். சுரங்கப்பாதை வெட்டும் இடத்துக்குத் தண்ணீர் லாரி போய்வருகிறது, கடிதம் கொடுத்தால் டிரைவர் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று உன் கம்பெனி ஆபீஸில் சொன்னார்கள். அதைக் கேட்பதற்கே முதலில் போன் செய்து, அவர்கள் எடுத்ததும் பேசாமல் வைத்துவிட்டேன். மறுபடி செய்தபோதுதான் குரல் வந்தது. என்னைப் பற்றி உனக்குத் தெரியாததா.

நான் இப்போது இதய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். நர்ஸ் வேலை இல்லை. மாடியில் ஓர் அறை, நாலைந்து போன், ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் சத்தம். பைபாஸ் செய்து, அது அடைத்துப்போய், இரண்டாவது தடவையும் பைபாஸ் செய்துகொண்டவர்கள் பல வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று இங்கே பெரிய டாக்டர் ஓர் ஆய்வு நடத்துகிறார். வருஷத்துக்கு ஒருமுறை அவர்களுக்குப் போன் செய்து கேள்வி கேட்பது என் வேலை. நெஞ்சு வலி உண்டா, படி ஏற முடிகிறதா, மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறீர்களா. சில வீடுகளில் போனை எடுப்பவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசமாட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிடும். "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் வேறொரு கட்டத்தில் குறியிட வேண்டும்.

அப்பாவுக்கு இரண்டாவது ஆபரேஷன் இங்கேதானே நடந்தது. போன வாரம் அவர் பெயர் வந்தது. பக்கத்து நாற்காலி அக்காவிடம் கொடுத்திருக்கலாம். கேட்கக் கூச்சப்பட்டு நானே பேசினேன்.

"வணக்கம், இதய ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறோம்" என்றேன். வீட்டுக்குப் பேசும் குரல் இல்லை, ஆபீஸ் குரல்.

"சொல்லுங்கம்மா" என்றார் அப்பா. என்னைத் தெரிந்துகொண்டுதான் அப்படிப் பேசினாரா என்று இன்றுவரை புரியவில்லை.

"படி ஏறும்போது மூச்சு வாங்குதா?"

"வாங்கலை. எங்க வீட்ல படியே கிடையாது."

"நெஞ்சு வலி?"

"அதெல்லாம் போயே போச்சு. ஆனா டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. நான் வண்டி சீட்டு தைக்கிறவன். என் நெஞ்சுல அவர் போட்ட தையல் கோணல். என் கடையில இப்படித் தைச்சா கஸ்டமர் அடிக்க வருவான்."

பின்னாலிருந்து அம்மா கத்தினாள். "பொய் சொல்றார்! கடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எத்தனை இடத்துல உக்கார்றார்னு கேளுங்க!"

எங்கள் அறையில் ஒரு விதி. நோயாளி சொல்வதைத்தான் பதிய வேண்டும், வீட்டார் சொல்வதை அல்ல. 'வலி இல்லை' என்று பதிந்தேன். ஆய்வில் அப்பா நன்றாக இருக்கிறார், அண்ணா. வீட்டில்தான் நன்றாக இல்லை.

ஆஞ்சியோ எடுக்க அவரை இங்கே அழைத்து வரப்போகிறேன். நீ ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ.

உன் தங்கை


மார்ச் 17

பாப்பா,

லாரிக்காரர் உன் லெட்டரை டீசல் கேன் மேல வச்சுக் கொண்டுவந்தார். வாசனையோட படிச்சேன். நீ ஆபீஸ் குரல்ல பேசுறதை நெனச்சுச் சிரிப்பு தாங்கலை. வீட்டுக்கு யாராவது வந்தா பீரோவுக்குப் பின்னால போய் நிக்கிற ஆளு நீ.

வந்து பாருன்னு சுலபமா எழுதிட்டே. "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே"ன்னு சொன்னது அவர். நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்தே, உனக்கு அம்மா சொன்ன கதைதான் தெரியும். ரெண்டாவது தடவை நெஞ்சைப் பொளந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம். காயம் இன்னும் ஆறலை. கடைக்குப் பின்பக்கம் போறேன், பிச்சுப் போட்ட பழைய சீட்டுல சாஞ்சு உக்காந்து ஜம்முன்னு சிகரெட் ஊதிக்கிட்டு இருக்கார். தட்டிவிட்டேன். கை உதட்டுல பட்டுடுச்சு. கடைக்கு வந்தவங்க பாத்துட்டாங்க. அன்னையிலேர்ந்து நான் பெத்த அப்பன் மேல கை நீட்டினவன். நான் அடிச்சது சிகரெட்டை. யார் கேட்டா?

இப்ப வந்து நான் என்ன பண்றது? தூக்கணும், சுமக்கணும், ரத்தம் குடுக்கணும்னா சொல்லு, அடுத்த லாரியில ஏறுறேன். கட்டில் பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்லாதே. அது எனக்கு வராது.

ஆஞ்சியோவுல என்ன சொன்னாங்கன்னு எழுது. சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

நீ சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டதை எழுதுகிறேன்.

இரண்டாவது ஆபரேஷனில் போட்ட இணைப்புகளும் அடைத்துக்கொண்டு வருகின்றன. ஒன்று முழுதாகவே மூடிவிட்டது. ஸ்டென்ட் வைக்க இடமில்லை, ரத்தக்குழாய் நூல் மாதிரி இருக்கிறது என்கிறார் பெரிய டாக்டர். இணைப்புக்கான ரத்தக்குழாயை முதல் தடவை இடது காலிலிருந்து எடுத்தார்கள். இரண்டாவது தடவை வலது காலிலிருந்தும் கையிலிருந்தும் எடுத்தார்கள். நெஞ்சுக்குள் இருந்த ஒன்றையும் பயன்படுத்திவிட்டார்கள். இனி எடுத்து வைக்க அவர் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. மாத்திரையிலேயே பார்த்துக்கொள்வோம் என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாதான் பேசினார். "அதாவது டாக்டர், கிழிசல் இருக்கு, ஒட்டுப்போடத் துணி இல்லைங்கிறீங்க."

டாக்டர் சிரித்து, "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா, "துணிதானே, எங்கேயாவது கிடைக்கும்" என்றார்.

எங்கள் அறைச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. இரண்டாவது பைபாஸ் செய்தவர்களில் எத்தனை பேர் எத்தனை வருஷம் இருந்தார்கள் என்று காட்டும் கோடு. இடப்பக்கம் உயரத்தில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். மூன்றாவது ஆபரேஷனுக்குக் கோடே இல்லை. கோடு போடும் அளவுக்கு ஆட்கள் இல்லையாம். நான் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்காரும்படி நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

தங்கை


ஏப்ரல் 15

பாப்பா,

படிச்சதும் எனக்குத் தோணினது ஒண்ணே ஒண்ணுதான். ஏன் இது உங்க ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கும் தோணலை?

என் கால் இருக்கே.

ரெண்டு கால் இருக்கு, ரெண்டும் தேக்கு மாதிரி இருக்கு. நரம்பு புடைச்சுக்கிட்டு வெளியிலயே தெரியுது, டாக்டர் தேட வேண்டியதே இல்லை. இங்க கிரேன் ஓட்டுற அண்ணாச்சி சம்சாரம் அவங்க தம்பிக்கு கிட்னியே குடுத்திருக்காங்க. கிட்னியே குடுக்கலாம்னா கால் நரம்பு எம்மாத்திரம்? எனக்கும் அவருக்கும் ஒரே ரத்த குரூப். ரெண்டு தடவையும் நான்தான் ரத்தம் குடுத்தேன், மறந்துட்டியா?

பெரிய டாக்டர்கிட்ட போய் எந்தக் கால் வேணும்னு கேளு. ரெண்டும் வேணும்னாலும் சரி. எனக்குக் கல்யாணமா காட்சியா, நொண்டினா என்ன போச்சு.

பீடியை விட்டுட்டேன். எனக்காக இல்லை, நரம்புக்காக. புகை புடிச்சவன் நரம்பு ஆகாதுன்னு சொல்லிடப் போறாங்க. அவர் புடிச்ச சிகரெட்டுக்கு நான் பீடியை விட வேண்டியிருக்கு பார்.

அவர்கிட்ட சொல்லாதே. வேணாம்னுடுவார்.

அண்ணன்


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணா,

தப்பு நடந்துவிட்டது. உன் கடிதத்தைப் படித்ததும் அழுகை வந்தது. டாக்டரிடம் கேட்பதற்கு முன்னால் அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அம்மா எப்போதும் போலப் போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். அப்பா கேட்டுவிட்டார்.

அப்புறம் அப்பா, "யாரு, அவனா?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"அவன் காலா? ஒரு இடத்துல நிக்காம ஊர் சுத்தின காலாச்சே." இருமினார். "ஓடின காலுதான் நல்லது. அடைப்பே இருக்காது."

அன்றிலிருந்து வீடே மாறிவிட்டது என்கிறாள் அம்மா. மாத்திரையை அவரே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். உப்பில்லாத சாப்பாட்டைத் தட்டைத் தள்ளாமல் முடிக்கிறார். கடைக்கு வருகிறவர்களிடம், "என் பையன் நரம்பு குடுக்கிறான், மூணாவது ஆபரேஷன் நடக்கப் போகுது" என்கிறாராம். உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாரே, அவர்.

நான் இன்னும் டாக்டரிடம் கேட்கவில்லை. அவர் அறை வாசல் வரை போனேன். உள்ளே ஆள் இருந்தது, திரும்பிவிட்டேன். மறுநாளும் போனேன். உள்ளே ஆள் இல்லை, அப்போதும் திரும்பிவிட்டேன். பதில் எனக்குத் தெரியும் போல இருக்கிறது, அண்ணா. அதைக் காதால் கேட்கத்தான் பயமாக இருக்கிறது. நீ ரொம்ப நம்பிவிடாதே.

தங்கை


மே 5

பாப்பா,

நிஜமாவே அப்படிச் சொன்னாரா? "அடைப்பே இருக்காது"ன்னா? அந்த இடத்தை மட்டும் கிரேன் அண்ணாச்சிக்குப் படிச்சுக் காட்டினேன். அவர் டீ வாங்கிக் குடுத்தார்.

நான் இப்ப பாரம் தூக்குறதில்லை. தூக்கினா நரம்பு சுருண்டுக்குமாம், இங்க மெஸ் சமையல்காரர் சொன்னார். காலையில பாதையோட இறங்கி ஏறுறேன். பாறை விழுந்து காயம் பட்டுடக் கூடாதுன்னு முழங்கால் வரைக்கும் சாக்கு சுத்திக்கிட்டுத்தான் சுரங்கத்துக்குள்ள போறேன். போர்மேன் பாத்துட்டு, "என்னடா, கொலு பொம்மையை மூட்டை கட்டின மாதிரி நடக்கிறே, காலு என்ன உங்க பாட்டன் சொத்தா?"ன்னார். "இல்லை சார், அப்பன் சொத்து"ன்னேன். விஷயத்தைக் கேட்டுட்டு மனுஷன் லீவு தர்றேன்னுட்டார்.

தேதி மட்டும் சொல்லு. சொன்ன அன்னைக்குக் கிளம்புறேன். அதுக்கு முன்னால வந்து என்ன பண்ணப் போறேன், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். ஆபரேஷன்னா பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல மயக்கத்துல கிடக்கலாம். அதான் எங்க ரெண்டு பேருக்கும் சரி.

நம்பாதேன்னு எழுதியிருக்கே. நீ எப்பவுமே பயந்தாங்கொள்ளி. கேளு போ.

அண்ணன்


மே 14

அன்புள்ள அண்ணா,

கேட்டேன்.

முடியாது.

அடுத்தவர் ரத்தக்குழாயை உடம்பு ஏற்றுக்கொள்ளாது, அப்பா பிள்ளையாக இருந்தாலும். வைத்தாலும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். கிட்னிக்கு மருந்து கொடுத்துச் சமாளிப்பது போல இதற்குச் சமாளிக்க முடியாது என்றார். அது மட்டும் இல்லை. நல்ல ரத்தக்குழாயே கிடைத்தாலும் அப்பாவுக்கு மூன்றாவது தடவை நெஞ்சைத் திறக்க மாட்டாராம். இரண்டு தடவை திறந்து மூடியதில் உள்ளே எல்லாம் எலும்போடு ஒட்டிக்கிடக்கிறது. இதயத்துக்கும் தாங்கும் பலம் இல்லை. ஆஞ்சியோ அன்றே இதைச் சொன்னார். துணி இல்லை என்ற பேச்சில் நாம் எல்லோரும் இதைக் காதில் வாங்காமல் விட்டுவிட்டோம். உனக்கு எழுதியபோது நானும் எழுதாமல் விட்டேன்.

"இதைக் கேக்கிற பிள்ளைங்களை நிறையப் பாத்திருக்கேன்மா" என்றார் டாக்டர். "வந்து கூட இருக்கச் சொல்லு."

அப்பாவிடம் சொல்லத்தான் ஊருக்குப் போனேன். வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, சட்டை போட்டுக்கொண்டு, ஆபரேஷனுக்கு இன்றே கூப்பிட்டாலும் தயார் என்பது போல. "தேதி குடுத்தாரா?" என்றார்.

"இன்னும் இல்லைப்பா" என்றேன்.

இதைத்தான் சொன்னேன். நாள் முழுக்க யார் யாரிடமோ கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிறவள் நான்.

தங்கை


மே 26

நீ சரியாக் கேட்டிருக்க மாட்டே. வாய்க்குள்ளேயே முனகியிருப்பே, அந்த ஆள் காதுல பாதி விழுந்திருக்காது. நம்ம வீட்லயே நீ ஒருத்திதான் காலேஜ் வாசலை மிதிச்சே. இதுக்குத்தானா? வேற ஆஸ்பத்திரியே இல்லையா உலகத்துல? கால் குடுக்கிறேன்னு ஒருத்தன் நிக்கிறான், வேணாங்கிறாங்களாம்.

இனிமே எனக்கு எழுதாதே. அங்கேயிருந்து வேற ஒண்ணும் கேக்க எனக்குத் தெம்பில்லை.


ஜூன் 6

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

நான் முனகவில்லை. அவர் புரிந்துகொள்ளும்வரை திரும்பத் திரும்பக் கேட்டேன். வெளியே நின்ற நோயாளிகள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகக் கேட்டேன். வேறு ஆஸ்பத்திரிக்கும் படங்களை எடுத்துக்கொண்டு போனேன். அங்கேயும் இதையேதான் சொன்னார்கள், இன்னும் சுருக்கமாக. படித்தவள் என்பதால் நான் என்ன செய்துவிட முடியும்? அவர்கள் எழுதியிருப்பதை வாசிக்க முடியும். அவ்வளவுதான்.

போன வாரம் அப்பாவுக்கு நுரையீரலில் நீர் சேர்ந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். நீரை இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கால் வீங்கியிருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருக்கிறார். ஆஸ்பத்திரியில் என் கூட வேலை செய்யும் அக்கா அவரைப் பார்க்க வந்தார். அவரிடமும், "பையன் வரணும்மா, அதுக்குத்தான் ஆபரேஷன் நிக்குது" என்றார். அந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

நீ வந்து எதையும் தூக்க வேண்டாம், எதையும் கொடுக்க வேண்டாம். செய்வதற்கு ஒன்றும் இல்லை. நானும் ஒன்றும் செய்யாமல்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தியாக உட்கார முடியவில்லை, அண்ணா. என்னைத் திட்ட வேண்டும் என்றால் வந்து திட்டு.

நாளை நான் வேலைக்குத் திரும்புகிறேன். லீவு முடிந்துவிட்டது.

தங்கை


ஜூன் 19

பாப்பா,

நம்ம வீட்லேர்ந்து எழுதுறேன். போன்ல பேசலாம்தான். இங்க பேசுற எதுவும் ஒருத்தர் காதோட நிக்காது, உனக்கே தெரியும். அதான் லெட்டர்.

உன்னைத் திட்டினதை மனசுல வச்சுக்காதே.

பஸ்ல வர்ற வழியெல்லாம் ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தேன். நீ சொல்லாததை நான் போட்டு உடைச்சுடணும், "அப்பா, என் கால் ஆகாதாம்"னு போன உடனே சொல்லிடணும்னு. போனேன். கட்டில்ல சாஞ்சிருந்தார். ஆளே பாதியாயிட்டார், சட்டையை ஆணியில மாட்டின மாதிரி இருக்கார். என் மூஞ்சியைப் பாக்கலை. "பேன்ட்டைத் தூக்கு"ன்னார். தூக்கினேன். கடையில ரெக்சின் வாங்கும்போது ரெண்டு விரலால நீவிப் பாப்பாரே, அந்த மாதிரி கெண்டைக்கால்ல நீவிப் பாத்தார். "நல்ல சரக்குடா"ன்னார்.

அந்த நேரத்துல சொல்லியிருக்கணும். வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு. கை இன்னும் என் கால் மேலேயே இருந்துச்சு பாப்பா. முழுங்கிட்டேன். உன்னை முனகுறவள்னு சொன்னேன், எனக்கு முனகல்கூட வரலை.

தினம் தேதி கேக்கிறார். பெரிய டாக்டர் வெளியூர் போயிருக்கார்னு சொல்லியிருக்கேன். நீயும் அதையே சொல்லு, மாத்திடாதே. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குன்னு நெனைக்கிறேன். கேக்க மாட்டேங்கிறா.

வீட்ல ஒரு வேலை செய்ய விடமாட்டேங்கிறார். பக்கெட்டைத் தூக்கினா, "வைடா கீழே, நரம்பு இழுத்துக்கும்"னு கத்துறார், அப்புறம் அந்தக் கத்தினதுக்கு மூச்சு வாங்குறார். கட்டிலை நகத்தப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுறார். சிகரெட் விஷயம் அவரும் பேசலை, நானும் பேசலை.

சாயங்காலம் முடிஞ்ச அளவுக்கு நடக்கச் சொல்லியிருக்காங்கல்ல. வழியில உக்காரணும்னு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலேயே போறேன். "ராஜாவுக்கு சிம்மாசனம் போகுது பாருங்கய்யா"ன்னு எதிர்வீட்டுக்காரர் கிண்டல் பண்றார். அப்பாவும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்றார். முதல்ல தெரு முனை வரைக்கும் போனோம். அப்புறம் பாதி வழியில இருக்கிற மருந்துக்கடை வரைக்கும்தான்.

நேத்து கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போகலை, நின்னுட்டார். உதடு நீலமா இருந்துச்சு. ஸ்டூலைப் போட்டு, "உக்காருங்கப்பா"ன்னேன். அவர் என் தோளைப் புடிச்சு அழுத்தி என்னை உக்கார வச்சுட்டார்.

"நீ உக்காரு. நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கே. ஆபரேஷன் வரைக்கும் காலைப் பத்திரமா வச்சுக்கோ."

எழுந்திருக்கப் பாத்தேன். தோள்ல இருந்த கையை அவர் எடுக்கலை. என்னை அழுத்திப் புடிச்சிருக்கார்னுதான் முதல்ல நெனச்சேன். இல்லை. அந்தக் கை மேலதான் மொத்த ஆளும் நின்னுக்கிட்டு இருந்தார். நான் எழுந்தா அவர் விழுந்துடுவார். தெருவுல போனவங்க எல்லாம் என்னைத்தான் நோயாளின்னு நெனச்சு ஒதுங்கிப் போனாங்க. அவர் நின்னு மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கார், நான் கால் ரெண்டையும் நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அண்ணன்